குட்டி விமானம் ஓட்ட வரும் பிள்ளைகளுக்கு

ரிமோட் விமானம் கைக்கு வந்ததும் அதைத் தலைகீழாகப் புரட்டத்தான் மனசு பரபரக்கும். ஸ்கேல் ஏரோபாடிக்ஸ் போட்டியில் மதிப்பெண் அதற்கில்லை. நிஜ விமானத்தைப் போலச் செய்த சிறிய மாதிரியை, தாளில் வரைந்த வரிசைப்படி, கோடு பிசகாமல் ஓட்டுவதற்குத்தான். அந்தப் பக்கம் போக நினைக்கும் மூங்கில்துறைப்பட்டுத் தம்பி தங்கச்சிகளுக்குச் சில வார்த்தைகள்.

1. எடுத்த எடுப்பில் எக்ஸ்ட்ரா 300 போன்ற வித்தை விமான மாதிரியை வாங்காதீர்கள். இறக்கை மேலே அமைந்த ஃபோம் பயிற்சி விமானம் போதும். விழுந்தாலும் ஒட்டிக்கொள்ளலாம்.

2. கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் கை பழகுங்கள். விமானம் நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தெரியும். புதியவர்கள் பலர் தரையில் மோதுவது அந்தக் குழப்பத்தில்தான்.

3. கரும்பு நிற்கும் கொல்லையோரம் வேண்டவே வேண்டாம். ஆளை மறைக்கும் சோகைக்குள் விழுந்தால் தேடியே பொழுது போய்விடும். கரும்பு வெட்டிய கொல்லை நல்லது. உரியவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். தென்பெண்ணை மணலுக்குப் போவதென்றால், சாத்தனூர் அணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். மின்கம்பியும், ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் பாதையும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

4. பழகும்போது விடிகாலையில் ஓட்டுங்கள். கை தேறிய பிறகு ஆடிக்காற்றுக்கு ஒளியாதீர்கள். போட்டியில் காற்று தள்ளியது என்ற சாக்கு செல்லாது. நடுவர் பார்ப்பது விமானம் போகும் பாதையை. மூக்கைக் காற்றுப் பக்கம் சற்றுத் திருப்பியாவது பாதையை நேராக வைக்க வேண்டும்.

5. லூப், ரோல் எல்லாவற்றுக்கும் அடிப்படை நேர்க்கோடு. ஒவ்வொரு வித்தைக்கும் 10 மதிப்பெண்ணில் தொடங்கி, 5 பாகை விலகலுக்கு அரை மதிப்பெண் வீதம் குறைப்பார்கள். மிஞ்சியதை அந்த வித்தையின் கடின எண்ணால் பெருக்குவார்கள். பார் கோணலாகப் பிடித்தால் தண்ணீர் பாய்ச்சும்போது தெரிந்துவிடும் அல்லவா? வானத்தில் போட்ட கோணலும் அப்படித்தான் நடுவர் கண்ணில் படும்.

6. வித்தைகளைக் குறியீடாக எழுதும் முறையை வகுத்தவர் ஸ்பெயின் நாட்டு விமானி அரெஸ்டி. அந்தக் குறியீட்டுத் தாளைப் படிக்கப் பழகுங்கள். கையில் சின்னக் குச்சி விமானத்தைப் பிடித்துக்கொண்டு, தரையிலேயே வரிசை முழுவதையும் நடந்து பாருங்கள். போட்டியில் அடுத்த வித்தையைச் சொல்லிக்கொடுக்கப் பக்கத்தில் ஒரு துணையாள் நிற்கலாம். நிதானமாகப் பேசும் நண்பரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

7. லிப்போ பேட்டரியை சார்ஜில் போட்டுவிட்டு வெளியே போகாதீர்கள், தூங்காதீர்கள். செல் ஒன்றுக்கு 4.2 வோல்ட் தாண்டக் கூடாது. ஓட்டாத நாட்களில் 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் விட்டுவைப்பது தீயை அழைப்பது. புறப்படும் முன் ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். சிக்னல் போனதும் மோட்டார் நிற்க வேண்டும். இந்தச் சோதனையின்போது விமானத்தை ஒருவர் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளட்டும். ப்ரொப்பெல்லர் முன்னால் யாரும் நிற்கக் கூடாது.

8. சட்டமும் உண்டு. 2021 ட்ரோன் விதிகளைப் படியுங்கள். அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் நம் இடம், முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலமா என்று பாருங்கள். அங்கே உயர வரம்பு 400 அடி. விமானம் எப்போதும் கண் பார்வைக்குள் இருக்கட்டும்.

9. காசில்லை என்று ஒதுங்காதீர்கள். கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவு இருந்தால் சேருங்கள். அங்கே மாதிரி விமானம் செய்யவும் ஓட்டவும் சொல்லித்தருகிறார்கள். அகில இந்திய வாயு சைனிக் முகாமில் அதற்குப் போட்டியே உண்டு. ஏரோபாடிக்ஸில் தொடக்கநிலையான பேசிக் பிரிவுக்கு, நிஜ விமானத்தின் மாதிரியாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இந்த வாரம் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். கிழக்கிலிருந்து மேற்கே, ஒரே உயரத்தில், நேராக ஓட்டித் திருப்புங்கள். அது கைகூடிய பிறகு லூப் போடலாம்.