நாம், நாங்கள், ‘வீ’: உத்திரமேரூர் வட்டாரத் தொழிலக ஆங்கிலமும் தமிழிலக்கணமும்

முதலாம் பராந்தகனின் 14ஆம் ஆட்சியாண்டு (கி.பி. 921) உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலையில் பெயர் எழுதப்படுவோர்க்கு இறை செலுத்தும் கால்வேலி நிலத்தைத் தகுதியாக வைக்கிறது. அரைக்கால் நிலமே உடையவராயினும் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் விரித்துரைக்க வல்லவரெனில் அவரும் தகுதி பெறுவார். நிலக்குறையை வடமொழிக் கல்வி ஈடுசெய்தது. அக்கல்வி சதுர்வேதிமங்கலத்து அந்தணர்க்கே வாய்த்தது என்பது வேறு செய்தி.

இன்று அவ்வட்டாரத்துச் சிறுநிலக் குடும்பத்து இளைஞர்க்கு அவ்விடத்தில் ஆங்கிலம் நிற்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாயும், ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசானும் உற்பத்தியைத் தொடங்கின. இத்தகைய ஆலைகளில் கொரியரும் சப்பானியரும் தமிழரும், எவர்க்கும் தாய்மொழியல்லாத ஆங்கிலத்தில் சந்திக்கின்றனர். 2022இல் தொடங்கப்பெற்ற ‘நான் முதல்வன்’ திட்டமும் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியை உள்ளடக்கியது. எனினும் பணியிடத்தில் இடர் விளைப்பன இலக்கணப் பிழைகள் மட்டுமல்ல; பிழையற்ற தொடர்களும் இடர் தருவதுண்டு.

‘வீ’ என்னும் சொல் இதற்குத் தக்க சான்று. அம், ஆம் ஈறுகள் முன்னிலையாரையும், எம், ஏம், ஓம் ஈறுகள் படர்க்கையாரையும் தன்மையோடு உளப்படுத்தும் என நன்னூல் பகுக்கிறது. இன்றைய வழக்கில் அவ்வேறுபாட்டை ‘நாம்’, ‘நாங்கள்’ என்னும் இடப்பெயர்கள் காக்கின்றன. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்லாகிவிடுகின்றன. இயந்திரப் பழுது குறித்து ‘வீ வில் செக்’ என மின்னஞ்சல் விடுக்கும் தமிழர் ‘நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என எண்ணியிருக்கலாம். பெறுபவரோ ‘நாம் சேர்ந்து பார்ப்போம்’ எனக் கொண்டு அழைப்புக்குக் காத்திருக்கலாம். தொடரில் பிழை இல்லை. பழுதை நீக்கும் பொறுப்பு எவருடையது என்பதே புலப்படவில்லை. பிரிவின் பெயரையும் நேரத்தையும் குறிப்பிட்டு, ‘பராமரிப்புப் பிரிவு நான்கு மணிக்குள் பார்க்கும்’ என்னும் பொருள்பட எழுதின் ஐயம் எழாது.

‘யெஸ்’ என்பதும் அத்தகையதே. தமிழரின் ‘சரி’ உடன்பாட்டை மட்டுமன்றிக் ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதையும் உணர்த்தும். கொரிய ‘நே’, சப்பானிய ‘ஹை’ ஆகியனவும் அவ்வாறே வழங்கும். அவை ஆங்கிலத்தில் ‘யெஸ்’ ஆகும்போது வெறும் செவிமடுப்பு, வாக்குறுதியாகக் கொள்ளப்படலாம். ஏற்ற பணியைத் திருப்பிக் கூறல் இதற்கு எளிய மருந்து.

மரியாதைக் குறியீட்டிலும் மூன்று மொழிகளும் நெருங்கிய உறவினர் போல்வன. வினையீற்றிலேயே மதிப்பை உணர்த்திப் பழகியவர் ஆங்கிலத்தில் அதற்கிடமின்றி ‘கைண்ட்லி’, ‘சார்’ ஆகியவற்றைத் தொடர்தோறும் பெய்கின்றனர். கடிதத்தில் இதனால் கேடில்லை. உற்பத்தி நின்றதைத் தெரிவிக்கும் குறிப்பில் செய்தி பின்னுக்குத் தள்ளப்படுகிறது.

இவ்வேறுபாடுகளைக் காட்டும் கருவி தமிழ் வகுப்பிலேயே உள்ளது. உளப்பாட்டுத் தன்மைப் பன்மை பயிற்றப்படும் நாளில், ‘நாங்கள்’ வரும் பணியிடக் குறிப்பொன்றை ‘வீ’ என்னும் சொல்லின்றி ஆங்கிலத்தில் எழுதப் பணிக்கலாம். அதற்கு ஒரு பாடவேளை போதும்.