பொதுப் பணமும் பொதுப் பாடமும்

யூபிலி மலருக்கு எழுதுவோர் கல்லூரியின் பழம்பெருமையைப் பேசுதல் மரபு. அப்பணியை எம்மினும் வல்லார் இம்மலரிலே செய்துள்ளனராதலின், நாம் பிறிதொரு பொருளை எடுத்துக்கொள்கின்றோம். பழைய மாணவர் திரட்டும் பணத்தில் ஒரு பகுதி இக்காலத்திற் கணினிக்கும் பல்லூடக எறியிக்கும் இணையவழிப் பாடங்களுக்கும் செல்கின்றது. கொடுப்போரும் பெறுவோரும் மனமுவந்தே இதனைச் செய்கின்றனர். ஆயினும், ஐந்தாண்டு கழிந்தபின் அப்பணம் என்ன பயன் தந்தது என வினவுவார் அரியர். பெரும் பொருள் செலவிட்டு இவ்வினாவுக்கு விடை தேடிய நாடு பிரித்தானியா. அந்நாட்டு அனுபவத்தை முதலில் நோக்குவோம்.

1992ஆம் ஆண்டில், அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கு அரசாங்கப் பணத்தைப் பகிர்ந்தளிக்கும் சபை, கற்பித்தல் கற்றல் தொழினுட்பத் திட்டம் என ஒன்றைத் தொடக்கிற்று. மாணவர் தொகை விரைந்து பெருகிய காலம் அது. ஆசிரியர் தொகை அவ்வாறு பெருகவில்லை. ஆகவே, ஒரு பாடத்தைப் பல பல்கலைக்கழகங்கள் கூடிக் கணினிக்கேற்ற வடிவில் ஒருமுறை ஆக்கி, யாவரும் எடுத்துப் பயன்படுத்தினால் உழைப்பும் செலவும் மிச்சமாகும் எனக் கருதினர். முதலிரு கட்டங்களிலும் 76 திட்டங்கள் பணம் பெற்றன. பிறிஸ்ரல் பல்கலைக்கழகத்தைத் தலைமையாகக் கொண்டு எட்டுப் பொருளியற் பகுதிகள் ஒன்றுசேர்ந்து, முதலாண்டுப் பொருளியலை வின்ஈகொன் என்னும் பெயரிற் கணினிப் பாடமாக்கின. எட்டு இடத்தார் ஒரு பாடத்திட்டத்துக்கு உடன்பட்டமையே ஒரு சாதனை எனலாம். பேராசிரியர் இருவரை ஒரு வினாத்தாளுக்கு உடன்படச் செய்ய முயன்றோர் இதனை அறிவர்.

பாடங்கள் நன்றாகவே ஆக்கப்பட்டன. இடர் பின்னரே தோன்றிற்று. ஆக்கியோர் வகுப்பிற் பயின்ற அளவுக்கு அவை பிறர் வகுப்பிற் பயிலவில்லை. தாம் செய்யாததைத் தாம் ஏலோம் என்னும் மனப்பான்மையே இதற்குக் காரணம் என அந்நாளிற் பலரும் குறை கூறினர். இதனை வெறுஞ் செருக்கென்று தள்ளிவிடல் நியாயமன்று. ஆசிரியரொருவர் தம் முன்னிருக்கும் மாணவரின் நிலையறிந்து பாடத்தைக் கூட்டியுங் குறைத்தும் உரைப்பவர். ஓரெழுத்தையும் மாற்றவியலாதவாறு மூடி முத்திரையிட்ட பாடத்தை அவர் எங்ஙனம் தமதாக்குவார்? பிறர் சமைத்த கறிக்கு உப்பிடவும் உரிமை வேண்டுமன்றோ? 1998இல் மூன்றாங் கட்டம் தொடங்கியபோது, புதியன ஆக்குதலினும் முன் ஆக்கியவற்றை வகுப்பறையிற் புகுத்துதலுக்கே முதன்மை தரப்பட்டது. ஆறாண்டுக்குப் பின் வந்த அறிவு அது.

இதனிடையே, 1993இல், பல்கலைக்கழகங்களின் வலையமைப்பையும் தகவற் பணிகளையும் பொதுவில் நடத்தற்கு ஜிஸ்க் என்னும் கூட்டுக்குழு அமைக்கப்பட்டது. அதன் ஆதரவில், கற்பித்தற் பொருள்களைச் சேர்த்துவைக்கும் பொதுக் களஞ்சியமொன்று ஜோரம் என்ற பெயரில் எழுந்தது. தொடக்கத்தில் அதனுட் புகுவதற்கு உடன்படிக்கையும் பதிவும் வேண்டியிருந்தன. 2010இல் வாயில் பொதுமக்களுக்கும் திறக்கப்பட்டது. 2009 முதல் 2012 வரை நடைபெற்ற திறந்த கல்வி வளத் திட்டத்திலோ, பணம் கொடுக்கும்போதே நிபந்தனை விதித்தனர்: ஆக்கப்படும் பாடத்தை எவரும் எடுக்கவும் மாற்றவும் இசைவளிக்கும் திறந்த உரிமத்துடன் வெளியிடல் வேண்டும்; களஞ்சியத்திலும் சேர்ப்பித்தல் வேண்டும். முந்திய பிழையிலிருந்து கற்ற பாடம் இந்நிபந்தனையில் நன்கு தெரிகின்றது. ஆனால் 2016இல் அக்களஞ்சியமே மூடப்பட்டது. நெல் விளைவிக்கப் பணம் கொடுத்தோர் பத்தாயத்தைப் பேணுவதற்குத் தொடர்ந்து கொடுக்கவில்லை.

அமெரிக்காவில் இதே சிக்கல் வேறொரு வடிவிலே தோன்றிற்று. மசாச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தார் இணையவழிக் கல்வியில் யாது செய்யலாம் என ஆராய்ந்தபோது, அதனால் வருவாய் பெறும் வழிகளையும் நோக்கினர். முடிவில், தம் பாடக்குறிப்புகளையும் வினாத்தாள்களையும் உலகத்தார் யாவர்க்கும் விலையின்றித் தருவதாக 2001 ஏப்பிரலில் அறிவித்தனர். ஹியூலற், மெலன் என்னும் இரு அறக்கட்டளைகள் முதற்கண் 110 இலட்சம் டொலர் உதவின. 2007 அளவில் ஏறக்குறைய 1800 பாடங்கள் வெளிவந்துவிட்டன. விலையின்றித் தருவதற்கும் செலவுண்டு என்பதைக் கொடையாளர் மறத்தலாகாது. குறிப்புகளைத் திரட்டல், பிறர் உரிமைகொண்ட படங்களை நீக்கல், பிழை திருத்தல் ஆகிய யாவும் ஆள்வேலை. அவர் வழியைப் பின்பற்றிய யூற்றா மாநிலப் பல்கலைக்கழகத்தின் திறந்த பாடப்பணி, தொடர்ந்து நடத்தப் பணமின்மையால் 2009இல் நின்றுபோயிற்று.

இவற்றையெல்லாம் பெருநாட்டார் கதையென எம்மவர் தள்ளவேண்டுவதில்லை. காத்தற்குச் செலவுண்டு என்பதை ஏடு வைத்திருந்த எம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். பெயர்த்தெழுதுவாரற்ற வீட்டில் ஏடு செல்லுக்கு இரையாயிற்று. எஞ்சியவற்றைத் தேடி ஒப்புநோக்கிச் சி. வை. தாமோதரம்பிள்ளை அச்சேற்றியதனால், கலித்தொகை 1887இல் நூலாயிற்று. அச்சு அன்றைய தொழினுட்பம். பல படிகள் பல ஊர்களிற் பரவியமையே அந்நூல்களுக்குக் காவல்.

எமது நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவும் பாடங்களை மாணவர்க்கு வழங்கும் மூடில் என்னும் மென்பொருளின் கதை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அதனை ஆக்கிய மார்ட்டின் டூகியாமஸ், மேற்கு அவுஸ்திரேலியப் பாலைநிலத்தில் வானொலி வழியே பாடங்கேட்டு வளர்ந்தவர். 2002இல் அதன் முதற் பதிப்பை எவரும் எடுத்து மாற்றிக்கொள்ளும் உரிமையுடன் வெளியிட்டார். அதனை நிறுவியும் பேணியும் கொடுத்துப் பணம் ஈட்டும் கூட்டு நிறுவனங்கள், தம் வருவாயில் ஒரு பங்கை மூல ஆக்கத்துக்குச் செலுத்துகின்றன. பொருள் யாவர்க்கும் இலவசம். பராமரிப்புக்கோ நிலையான வரும்படியுண்டு. எமக்கு இவ்வேற்பாடு மிகவும் பிடித்திருக்கின்றது. 2020இல் நோய்ப்பரவலாற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்ட வேளையில் வகுப்புகள் நடைபெற உதவியதும், பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கணக்காகப் பொதுவிற் பேணிவந்த லேர்ண் வலையமைப்பே.

இனி எம் குற்றமொன்றையும் சொல்லிவிடல் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், பாடசாலையொன்றுக்கு (அதன் பெயர் இங்கு வேண்டா) நண்பர் சிலரும் நாமும் பணஞ்சேர்த்துக் கணினி அறை அமைத்துக் கொடுத்தோம். அங்குள்ள விஞ்ஞான ஆசிரியரொருவர் இரசாயனவியற் பாடங்களைத் தமிழிற் படவிளக்கத்துடன் ஆக்கினார். மாலை வேளைகளிலும் விடுமுறையிலும் ஊதியமின்றி இருந்து செய்தார். பின்னர் இடமாற்றம் பெற்றுச் சென்றார். அடுத்த ஆண்டு கணினியின் வன்றட்டுப் பழுதுற்றது. வேறு படி எங்குமில்லை. எமது வரவுசெலவுத் திட்டத்திற் பெயர்ப்பலகைக்குப் பணம் ஒதுக்கியிருந்தோம். படியெடுத்துவைக்க ஒரு தட்டுக்கு ஒதுக்கியிருக்கவில்லை. அயற்பாடசாலைக்கு அப்பாடங்களைக் கொடுக்கலாமோ என அவர் ஒருமுறை வினவியபோதும், பின்னர் பார்ப்போம் என்றே மறுமொழி அனுப்பினோம். அன்று கொடுத்திருந்தால் அங்கேனும் ஒரு படி எஞ்சியிருக்கும்.

ஆதலின், இந்த யூபிலி நிதியிற் கற்றற்றொழினுட்பத்துக்கென ஒதுக்கும் பணத்தைப் பற்றிச் சங்கத்தாரிடம் சில வேண்டுகின்றோம். நூறு ரூபாய் கொடுத்தால், அதில் முப்பது ரூபாயாவது பின்வரும் ஐந்தாண்டுப் பராமரிப்புக்கென வங்கியில் இருத்தல் வேண்டும். பாடம் ஆக்கும் ஆசிரியரின் நேரத்துக்கு ஊதியம் கொடுத்தல் வேண்டும். கருவி விற்பவர்க்குத் தயங்காது கொடுக்கும் நாம் ஆசிரியரிடம் மட்டும் தொண்டை எதிர்பார்ப்பது முறையன்று. ஆக்கிய பாடம், ஆக்கியோர் பெயருடன், எவரும் எடுத்துத் திருத்திக்கொள்ளும் உரிமத்தில் வெளிவருதல் வேண்டும். 2002 முதல் வழக்கிலுள்ள படைப்பாக்கப் பொதும உரிமங்கள் இதற்குப் போதும், வழக்கறிஞரைத் தேடவேண்டுவதில்லை. படிகள் மூன்று இடங்களில் இருத்தல் நன்று: கல்லூரியில் ஒன்று, வேறொரு கல்லூரியில் ஒன்று, பொது எண்ணிம நூலகத்தில் ஒன்று. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், தன்னார்வலர் உழைப்பாலும் அன்பர் பணத்தாலும் எமது பாடசாலை மலர்களையே காத்து வருகின்றதன்றோ?

பிற கல்லூரியார் எம் பணத்தில் ஆகிய பாடத்தை எடுத்துப் பரீட்சையில் எம்மை முந்திவிடுவாரே என நண்பரொருவர் கேட்டார். அவர் விளையாட்டாகக் கேட்டாரோ உண்மையாகவே கேட்டாரோ அறியோம். துடுப்பாட்டப் போட்டிக்குப் பொருந்தும் அவ்வெண்ணம் இரசாயனவியலுக்குப் பொருந்தாது என்றோம்.

மேற்கூறிய ஆசிரியரை அண்மையிற் கண்டு பேசினோம். பாடங்கள் அழிந்தனவேயன்றி, அவற்றுக்கு மூலமாக அவர் கைப்பட எழுதிய குறிப்பேடுகள் நான்கும் அவரிடம் பத்திரமாகவுள. தக்க உதவி கிடைப்பின் மீண்டும் ஆக்கித்தர இசைந்துள்ளார். யூபிலி நிதியின் முதற் பணியாக அதனையே எடுத்துக்கொள்ளலாம் என நிர்வாக சபைக்கு எழுதியிருக்கின்றோம்.