ஆள் போன பிறகு அரை மணி நேரம்: வீட்டு பிராட்பேண்ட், வைஃபையைப் பத்திரமாக அமைப்பது எப்படி?

"பாஸ்வேர்டு உங்க போன் நம்பர்தான்மா, மறக்கவே மறக்காது." சேலையூரில் எங்கள் வீட்டுக்கு பிராட்பேண்ட் இணைப்பு கொடுக்க வந்தவர் அம்மாவிடம் இப்படிச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அம்மாவும் மறக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். ஆறு மாதம் கழித்து, நெட் ஏன் இவ்வளவு ஸ்லோவா இருக்குன்னு மோடத்தின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எங்கள் வீட்டுக் கருவிகள் ஆறு. இணைந்திருந்தவை பதினொன்று!

இதில் வேகம் குறைவது சின்ன பிரச்சினைதான். உங்கள் ஆதாரையோ வேறு அடையாளச் சான்றையோ வாங்கிக்கொண்டு உங்கள் பெயரில்தான் இணைப்பு தரப்படுகிறது. அந்த வைஃபை வழியாக யார் எதைச் செய்தாலும், முதல் கேள்வி உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். மின் கட்டணம், தாம்பரம் மாநகராட்சி சொத்து வரி, இ-சேவை மூலம் வருமானச் சான்று என எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே முடிக்கிறோம். அதற்கான வழியைப் பூட்டி வைப்பதும் நம்ம வேலைதான்.

இணைப்பு கொடுக்க வரும்முன்

நான்கு கேள்விகளை முன்கூட்டியே கேளுங்கள். மாதக் கட்டணத்தில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா? மோடம் உங்களுக்குச் சொந்தமா, திருப்பித் தர வேண்டியதா? டெபாசிட் கட்டினால் ரசீது உண்டா? எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும்?

வேகக் கணக்கிலும் ஒரு குழப்பம் உண்டு. 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 100 மெகாபிட். 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே ஒரு நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் இறங்கும். "ஏமாத்திட்டாங்க" என்று நினைக்க வேண்டாம்.

மோடத்தை எங்கே வைப்பது?

கேபிள் உள்ளே வரும் ஜன்னலோரத்திலேயே மோடத்தை மாட்டிவிட்டுப் போவதுதான் வழக்கம். வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கான்கிரீட் சுவர், இரும்பு பீரோ, மீன் தொட்டி, பெரிய கண்ணாடி ஆகியவை சிக்னலைத் தடுக்கும். டிவிக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள்.

முடிச்சூர், வரதராஜபுரம் மாதிரி 2015 வெள்ளத்தைப் பார்த்த பகுதிகளில் தரைத்தளத்தில் இருப்பவர்கள் மோடத்தையும் அதன் பிளக் பாயிண்டையும் உயரத்தில் அமைப்பது நல்லது. இடி மின்னலின்போது பிளக்கைக் கழற்றிவிடுங்கள். ஃபைபர் கேபிள் கண்ணாடி இழை என்பதால் அதில் மின்சாரம் வராது. அடாப்டர் வழியாகத்தான் மோடம் கெட்டுப்போகும்.

கரண்ட் போனால் நெட்டும் போகிறதா? மோடத்துக்கென்றே சின்ன யூபிஎஸ் கிடைக்கிறது. வாங்கும்முன் உங்கள் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவைப் பாருங்கள். பல மோடங்களுக்கு 12 வோல்ட். அளவு மாறினால் மோடம் எரிந்துவிடலாம்.

ஃபைபர் கேபிளைக் கூர்மையாக மடிக்கவோ, ஆணியில் இறுக்கிக் கட்டவோ கூடாது. அதன் முனையைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்கவே கூடாது. உள்ளே வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குக் கெடுதல்.

விளக்குகள் சொல்லும் செய்தி

பவர் விளக்கு எரியவில்லையா? அடாப்டரையும் சுவிட்சையும் பாருங்கள். பிஓஎன் விளக்கு நிலையாகப் பச்சையாக எரிந்தால் உங்கள் மோடம் நிறுவனத்தின் கருவியோடு பேசிக்கொண்டிருக்கிறது என்று பொருள். எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ ஒளி சிக்னல் வீடு வரை வரவில்லை. தெருவில் பள்ளம் தோண்டும்போது கேபிள் அறுந்திருக்கலாம். அப்போது மோடத்தை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை, புகார் பதிவு செய்வதுதான் வழி. இந்த இரண்டும் சரியாக இருந்து நெட் மட்டும் வரவில்லை என்றால், மோடத்தை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போட்டுப் பாருங்கள்.

இப்போது அந்த அரை மணி நேரம்

மோடத்தின் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதிலுள்ள முகவரியை (பெரும்பாலும் 192.168.1.1) உங்கள் வைஃபையில் இணைந்த போனின் பிரவுசரில் அடித்தால் மோடத்தின் பக்கம் திறக்கும். சில நிறுவனங்கள் இதற்கெனத் தனிச் செயலி தருகின்றன.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இங்கே பாஸ்வேர்டு இரண்டு. ஒன்று வைஃபையில் சேர்வதற்கு. மற்றொன்று மோடத்தின் அமைப்புகளை மாற்றுவதற்கு, அதாவது அட்மின் பாஸ்வேர்டு. முதலாவது வீட்டுக் கதவுச் சாவி என்றால், இரண்டாவது பூட்டையே மாற்றும் உரிமை. அது வேறொருவர் கைக்குப் போனால், நீங்கள் வங்கி முகவரியை அடித்தாலும் போலிப் பக்கத்துக்குத் திருப்பிவிட முடியும். இரண்டையும் மாற்றுங்கள். இரண்டும் வேறு வேறாக இருக்கட்டும்.

வைஃபை பாஸ்வேர்டு 12 எழுத்துகளுக்குக் குறையாமல் இருக்கட்டும். போன் நம்பர், பிள்ளைகள் பெயர், வண்டி எண் வேண்டாம். தொடர்பில்லாத மூன்று நான்கு சொற்களோடு எண்கள் சேர்த்தால் நினைவிலும் நிற்கும். வைஃபையின் பெயரில் கதவு எண், குடும்பப் பெயர் வைக்காதீர்கள். பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 தேர்ந்தெடுங்கள். பட்டனை அழுத்தினாலே இணைய வைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். விருந்தாளிகளுக்கு 'கெஸ்ட்' வைஃபை இருந்தால் அதைக் கொடுங்கள். இல்லைன்னு சொல்ல முடியாத அம்மாக்களுக்கு இது பெரிய உதவி!

2.4, 5 என்று இரண்டு அலைவரிசைகள் தெரிந்தால் குழம்ப வேண்டாம். 2.4 தூரம் போகும், வேகம் குறைவு. 5 வேகமானது, சுவர் தாண்டினால் பலவீனமாகும். டிவிக்கும் லேப்டாப்புக்கும் 5, தள்ளியிருக்கும் அறைக்கு 2.4.

ஓர் எச்சரிக்கை: 'வான்', 'விலான்' என்ற பகுதிகளில் எதையும் தொடாதீர்கள். ஊசித் துளையில் இருக்கும் ரீசெட் பட்டனையும் அழுத்தாதீர்கள். நிறுவனம் போட்டுவைத்த அமைப்பு அழிந்து, மறுபடி ஆள் வரும்வரை நெட் இருக்காது.

ஏன் இவ்வளவு கவனம்?

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சற்று முன் தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போனது. போலீசார் தேடிப் போனது நவி மும்பையில் வசித்த ஓர் அமெரிக்கரின் வீட்டுக்கு. அவருடைய பாதுகாப்பில்லாத வைஃபையை யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அவர் விசாரணைக்கு உள்ளானார், கணினிகள் பறிமுதல் ஆயின. 2009-ல் மத்திய தொலைத்தொடர்புத் துறை வைஃபை பாதுகாப்பு குறித்து இணைய நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல் வெளியிட்டது. ஆனால் நிறுவனம் செய்வதோடு முடிவதில்லை. கடைசிப் பூட்டு நம் கையில்.

புகார் என்றால்

முதலில் நிறுவனத்தின் வாடிக்கையாளர் மையத்தில் பதிவு செய்து, புகார் எண்ணைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். லைன்மேனிடம் போனில் சொல்வது புகார் ஆகாது. தீர்வு திருப்தி இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாட்களுக்குள் முறையிடலாம், கட்டணம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இணைய மோசடியில் பணம் போனால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

இன்று மாலை ஒரு பயிற்சி

வீட்டில் வைஃபையில் இணையும் கருவிகளை ஒரு தாளில் எழுதுங்கள். டிவி, சிசிடிவி கேமரா எல்லாம் சேர்த்து. பிறகு மோடத்தின் பக்கத்தில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். இரண்டு எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தால் நிம்மதி. அதிகம் இருந்தால் பாஸ்வேர்டை மாற்றுங்கள், எல்லாமே துண்டிக்கப்படும். நம்ம கருவிகளை மட்டும் மறுபடி சேர்த்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் மாற்றிய அன்று மாலையே கதவு தட்டப்பட்டது. மேல்மாடித் தம்பி. "ஆன்ட்டி, நெட் போயிடுச்சா?" அம்மா சிரித்துக்கொண்டே கெஸ்ட் பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்தார். இப்போது யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும்.