அலகு கற்பிக்கும் பாடம்

"வறட்சி வந்ததால் பறவை தன் அலகைப் பெரிதாக்கிக்கொண்டது" என்று மாணவர் பலர் விடைத்தாளில் எழுதக் காண்கிறேன். இக்கருத்துப் பொருந்தாது என்பதை ஓர் உண்மை நிகழ்ச்சியால் விளக்க விரும்புகிறேன்.

பசிபிக் பெருங்கடலிலுள்ள காலபாகஸ் தீவுக்கூட்டத்தில் டாப்னே மேஜர் ஒரு சிறு தீவு. அங்கே பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் 1973 முதல் பிஞ்சுக் குருவிகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு, அலகை அளந்து வந்தனர். 1977இல் மழை பொய்த்தது. சிறு விதைகள் தீர்ந்தன. எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை நெருஞ்சியினச் செடியின் முட்காய் போன்ற கடினமானவை. சிற்றலகுக் குருவிகளால் அவற்றை உடைக்க இயலவில்லை. நடுத்தரத் தரைக் குருவிகளில் 100க்கு 80க்கும் மேற்பட்டவை மறைந்தன. பிழைத்தவற்றுள் பேரலகுடையவையே மிகுதி. அலகின் பருமன் மரபுவழிப் பண்பாதலால், அடுத்த தலைமுறையின் சராசரி அலகும் சற்றுப் பருத்தது. 1983இல் பெருமழை பெய்து சிறு விதைகள் பெருகவே, அதன்பின் சிற்றலகுடையவை தழைத்தன.

வறட்சியால் எந்தக் குருவியின் அலகும் வளரவில்லை. மாறியது தனிப் பறவையன்று, கூட்டத்தின் விகிதமே. முன்பே உள்ள வேறுபாடுகளிலிருந்தே இயற்கை தேர்ந்தெடுக்கிறது. வேறுபாடு குன்றிய இனத்திற்குப் பஞ்சகாலத்தில் கைகொடுக்க ஏதுமில்லை. மாணவர் இதனை மனத்திற் கொள்வாராக!