ஓடும் சக்கரம் நிற்பதேன்?

கண்ணால் காண்பதும் பொய் என்றனர் நம் முன்னோர். அதற்கு அறிவியல் தரும் சான்று ஒன்றுண்டு. திரைப்படத்தில் வண்டி முன்னே ஓட, அதன் சக்கரம் பின்னே சுழல்வதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். படக்கருவி விநாடிக்கு 24 படங்களையே எடுக்கிறது. இடையில் நடந்தது அதற்குத் தெரியாது. இவ்வாறு விட்டுவிட்டுப் பார்ப்பதை மாதிரியெடுத்தல் என்பர். அதனால் விளையும் பொய்த்தோற்றமே ஏலியாசிங்.

விட்டுவிட்டு ஒளி வீசிச் சுழற்சியை ஆராயும் கருவி ஸ்ட்ரோபாஸ்கோப். அதைப் போன்றே கணிப்பொறித் திரையில் இயங்கும் பாவனை ஒன்றை நான் இயக்கிப் பார்த்தேன். ஒரே புள்ளியிட்ட சக்கரம் விநாடிக்கு 10 சுற்றுச் சுற்றுகிறது. ஒளியின் வீச்சை நாம் விரும்பியபடி மாற்றலாம்.

விநாடிக்கு 10 வீச்சு என வைத்தேன்; சக்கரம் அசையாமல் நின்றது. 9 எனக் குறைத்தேன். முன்னோக்கி விநாடிக்கு ஒரு சுற்று மெல்ல நகர்ந்தது. 11 ஆக்கினேன், அதே வேகத்தில் பின்னோக்கிச் சென்றது. காரணம் எளிது. ஒரு வீச்சுக்கும் அடுத்த வீச்சுக்கும் இடையே சக்கரம் 11-இல் 10 பங்கு சுற்றுகிறது. கண்ணோ, அது 11-இல் ஒரு பங்கு பின்வாங்கியதாகவே கொள்கிறது. 5 வீச்சிலும் சக்கரம் நின்றது! ஆகவே, நிற்பதாகத் தோன்றுவதால் மட்டும் வேகத்தை அறிந்துவிட்டோம் என்று சொல்ல இயலாது. 20 வீச்சில் புள்ளி எதிரெதிராக இரண்டு இடங்களில் தோன்றியது. எத்திசையில் சுழல்கிறது என்று கூற வழியில்லை. 20-ஐத் தாண்டிய பின்னரே உண்மைத் திசையும் வேகமும் ஐயமின்றிப் புலப்பட்டன.

இதுவே விதி: நிகழ்ச்சியின் அலைவெண்ணைப்போல் இரு மடங்குக்கு மேல் மாதிரி எடுக்க வேண்டும். 1928-இல் நைக்விஸ்டும், 1949-இல் ஷானனும் எழுதிய கட்டுரைகள் இதற்கு அடிப்படையாயின.

இது வெறும் வேடிக்கையன்று. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக்குடன் எரியும் குழல்விளக்கு விநாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கிறது. அவ்வொளியில், விநாடிக்கு 25 சுற்றுச் சுழலும் நான்கு கைச் சக்கரம் நிற்பதுபோல் தோன்றக்கூடும். நிற்கிறதென எண்ணிக் கை வைத்தால் கை போய்விடும். அதனால்தான் பட்டறைகளில் அடுத்தடுத்த விளக்குகளை வெவ்வேறு ஃபேஸ்களில் இணைப்பார்கள்.

அதே பொய்த்தோற்றம் ஆய்வுக்கூடத்தில் நமக்கு உதவவும் செய்கிறது. நான்கு துருவ இண்டக்‌ஷன் மோட்டாரின் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 சுற்று. மோட்டாரோ 1440 சுற்று என்று வைத்துக்கொள்வோம். அச்சில் நான்கு கோடுகள் வரைந்து 100 வீச்சு ஒளியில் பார்த்தால், கோடுகள் நிமிடத்துக்கு 60 சுற்றுப் பின்னோக்கிச் செல்லும். அந்த 60-தான் நாம் தேடும் ஸ்லிப்.

இனி நம் ஐதராபாத்துக்கு வருவோம். 1999-இல் இங்கு நிறுவப்பட்ட இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், 2007 முதல் சுனாமி எச்சரிக்கைப் பணியையும் ஆற்றி வருகிறது. 2004 டிசம்பர் 26-ஐத் தமிழ்க் கரையோரம் மறக்குமா? 50 நிமிடத்துக்கு ஒரு முறை எழும் அலையை, மணிக்கு ஒரு முறை மட்டும் அளப்பதாகக் கொள்வோம். ஒவ்வோர் அளவையிலும் அலை ஒன்றேகால் பங்குக்குச் சற்றுக் குறைவாக, அதாவது 1.2 சுற்று முன்னேறியிருக்கும். முழுச் சுற்று மறைந்துவிடும், எஞ்சிய 0.2 மட்டுமே தெரியும். ஆக, ஏட்டில் அது 5 மணி நேர மெல்லிய ஏற்ற இறக்கமாகப் பதியும். ஆபத்து அமைதியின் வேடம் பூண்டுவிடும்! ஆகவேதான் ஆழ்கடலில் சுனாமியைக் கண்காணிக்கும் டார்ட் வகைக் கருவிகள் 15 விநாடிக்கு ஒரு முறை நீரழுத்தத்தை அளக்கின்றன.

இன்னொன்றும் நினைவிற்கொள்க. போலி ஒருமுறை பதிவாகிவிட்டால், பின்னர் எந்தக் கணக்கும் அதைத் தனியே பிரித்தெடுக்க இயலாது. வேண்டாத வேக அலைகளை அளப்பதற்கு முன்பே வடிகட்ட வேண்டும். துறைமுகங்களில் நீர்மட்டமானியைச் சிறு துளையுள்ள குழாய்க் கிணற்றினுள் வைப்பது இதற்கே. காற்றெழுப்பும் சிற்றலைகள் அத்துளையிலேயே அடங்கிவிடும்.

மாணவ நண்பர்களே! எந்த வரைபடம் உங்கள் முன் வந்தாலும், "என்ன கண்டீர்கள்?" என்பதற்கு முன், "எத்தனை முறை பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள்.