மல்டிமீட்டருக்குக் காது கிடையாது

அன்புள்ள தம்பி,

உன் குவான்டைசர் மாட்யூலும் அதன் சர்க்யூட் வரைபடமும் குறிப்புப் புத்தகமும் வந்து சேர்ந்தன. "குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்க சார்" என்று எழுதியிருந்தாய். இதழில் வெளியிட்டாலும் சம்மதம் என்று சொன்னதும் நீதான். பிறகு என்னைக் கோபித்துக்கொள்ளாதே.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரே ஒரு பத்தி. ஒலியை உண்டாக்க, வடிகட்ட, கூட்டிக் குறைக்க என்று ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி மாட்யூலைப் பெட்டியில் பொருத்தி, ஒயரால் இணைத்து வாசிக்கும் கருவி மாடுலர் சிந்தசைசர். ஒயரில் ஓடுவது வோல்டேஜ். ஒரு வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். உள்ளே வரும் வோல்டேஜ் எதுவானாலும், நாம் தேர்ந்தெடுத்த மேளகர்த்தா ராகத்தின் ஸ்வரம் ஒன்றுக்கு அதை இழுத்து நிறுத்தி வெளியே அனுப்புகிறது இந்தத் தம்பியின் மாட்யூல்.

கமகம் எங்கே என்று உன்னை எல்லோரும் கேட்பார்கள். நான் கேட்கப் போவதில்லை. என் கண் போய் நின்றது குறிப்பின் கடைசிப் பக்கத்து அட்டவணையில். 1 வோல்டுக்கு 1.000, 2 வோல்டுக்கு 2.000, 3 வோல்டுக்கு 3.000. கீழே தடித்த எழுத்தில் "துல்லியம் சரிபார்க்கப்பட்டது". எதை வைத்துச் சரிபார்த்தாய்? மல்டிமீட்டரை வைத்து. உடனே வரைபடத்தைப் புரட்டி அவுட்புட் பக்கம் போனேன். பயந்தபடியேதான் இருந்தது: ஆப் ஆம்ப், அதற்கு அடுத்து ஒரு 1 கிலோஓம் ரெசிஸ்டர், அதற்கு அடுத்து ஜாக்.

ரெசிஸ்டரை ஏன் போட்டாய் என்பது புரிகிறது. யாராவது உன் அவுட்புட்டை இன்னொரு அவுட்புட்டில் செருகிவிட்டால் ஐசி சாகக் கூடாது. நியாயம்தான். ஆனால் ஃபீட்பேக்கை ரெசிஸ்டருக்கு முன்னாலேயே எடுத்திருக்கிறாய். தன் காலில் 3 வோல்ட் இருக்கிறதா என்று பார்ப்பதோடு ஆப் ஆம்பின் வேலை முடிந்துவிடுகிறது. ஜாக்கில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. உன் மல்டிமீட்டருக்கும் தெரியாது. அதன் உள்தடை 10 மெகாஓம், அது கரண்ட் இழுப்பதே இல்லை என்று சொல்லலாம். ஆசிலேட்டர்களின் இன்புட் பெரும்பாலும் 100 கிலோஓம். அங்கே உன் 1 கிலோஓம் நூற்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஸ்தாயிக்கு 10 மில்லிவோல்ட், அதாவது 12 சென்ட். மூன்று ஸ்தாயி மேலே போனால் 36 சென்ட் போய்விடும். ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே இருப்பதே 100 சென்ட்தான்.

எனக்கு வயிற்றெரிச்சல் எங்கே தெரியுமா? அந்தர காந்தாரத்தை நீ பியானோக்காரர்களின் 400 சென்டில் வைக்கவில்லை. 5/4 விகிதத்தில், 386-ல் வைத்திருக்கிறாய். அந்த 14 சென்டுக்காகவே, எண்ணை வோல்டேஜாக்கும் டிஏசியை 16 பிட்டில் வாங்கிப் போட்டிருக்கிறாய். அதன் ஒரு படி சென்டில் பத்தில் ஒரு பங்குதான். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்த காந்தாரத்தை வாசலில் நிற்கும் ஒரு ரெசிஸ்டர் பிடுங்கிக்கொள்கிறது.

ஆசிலேட்டரின் டிரிம்மரைத் திருப்பினால் சரியாகிவிடுமே என்பாய். ஒரு ஆசிலேட்டருக்குச் சரியாகும். வாசிப்பவர் அதே சிக்னலை மல்டிப்பிளில் பிரித்து இரண்டாவதற்கும் கொடுத்தால் லோடு 50 கிலோஓம், இழப்பு இரட்டிப்பு. இரண்டாவதைச் செருகிய நொடியிலேயே முதலாவதின் சுருதியும் சேர்ந்து இறங்கும். அவர் முதலில் தன் காதைச் சந்தேகிப்பார், அப்புறம் ஆசிலேட்டர் செய்தவரைத் திட்டுவார். உன்னைத் திட்ட மாட்டார். உன் குறிப்பில்தான் 3.000 என்று போட்டிருக்கிறதே!

சரிசெய்யப் பெரிய செலவு ஒன்றுமில்லை. ஃபீட்பேக் ரெசிஸ்டரின் முனையை ஜாக் பக்கம் மாற்று. 1 கிலோஓம் வளையத்துக்குள் வந்துவிடும், இழப்பை ஆப் ஆம்பே ஈடுகட்டும். நீள ஒயரின் கெபாசிட்டன்ஸால் அது ஊளையிடாமல் இருக்க, அதன் அவுட்புட்டிலிருந்து மைனஸ் இன்புட்டுக்கு நேராக 100 பிக்கோஃபாரட் ஒன்றைப் போடு. ஜாக் ஷார்ட் ஆனாலும் 1 கிலோஓம் நடுவில் நிற்கிறது, 12 மில்லிஆம்பியருக்கு மேல் போகாது.

நான் தொழில் பழகியது ரிட்சி தெருவை ஒட்டிய சந்து ஒன்றில், ஒரு ரேடியோ மெக்கானிக்கிடம். எதைச் சரிசெய்து நீட்டினாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "லோடு போட்டுப் பாத்தியா?" அப்போது பேட்டரி எலிமினேட்டர் காலம். 9 வோல்ட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய மலிவு எலிமினேட்டரை மீட்டரில் வைத்தால் 13 காட்டும். டிரான்சிஸ்டர் ரேடியோவை மாட்டிவிட்டால் பொத்தென்று இறங்கும், பாட்டுக்குப் பதில் ஹம்தான் வரும். மீட்டர் காட்டிய 13-ஐ அவரிடம் சொன்னவன் அன்றைக்கு டீ வாங்கப் போக வேண்டும். பிறகு கோடம்பாக்கத்து ரெக்கார்டிங் தியேட்டர்களுக்கு வந்தேன். அங்கே அனலாக் சிந்தசைசர்களோடு மல்லுக்கட்டியபோதுதான் அந்தக் கேள்வியின் முழு அர்த்தம் விளங்கியது. ஆசிலேட்டரில் சுருதியைத் தீர்மானிப்பது ஒரு டிரான்சிஸ்டர் ஜோடி. அதன் பேஸில் ஒரு ஸ்தாயி என்பது வெறும் 18 மில்லிவோல்ட். அதுவும் ஒவ்வொரு டிகிரிக்கும் முந்நூறில் ஒரு பங்கு நகரும். ஈடுகட்ட, வெப்பத்துக்கேற்ப மதிப்பு மாறும் டெம்ப்கோ ரெசிஸ்டரை ஜோடியின் முதுகில் ஒட்டியிருப்பார்கள். பசை விட்டுப்போனால் தொலைந்தது. மூடியைக் கழற்றிச் சுருதி சேர்த்தால் அம்சமாக நிற்கும். மூடியைப் போட்டதும் உள்ளே சூடேறி நழுவும். வயலின்காரர்கள் வில்லைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க, கால்ஷீட் நேரம் ஓட, நான் ஸ்க்ரூடிரைவரோடு நின்றிருக்கிறேன். மூடியில் ஒரு ஓட்டை போட்டு, மூடிய கருவியைத்தான் டியூன் செய்ய வேண்டும்.

உன் தலைமுறைக்கு இது இன்னும் கஷ்டம். 1969-ல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் ஒரு மோக் மாடுலரை நிறுவினார், கீதா சாராபாய் போன்றவர்கள் அதில் இசை செய்தார்கள். அந்த மாட்யூல்கள் ஒரே பட்டறையில் பிறந்தவை. எதை எதில் செருகுவார்கள் என்று செய்தவருக்குத் தெரியும். 1995-ல் மியூனிக் பக்கத்திலிருந்து டீட்டர் டோப்ஃபர் ஏ-100 வரிசையைக் கொண்டுவந்தார். அதன் அளவுகளைப் பார்த்து ஊர் உலகமெல்லாம் மாட்யூல் செய்யத் தொடங்கியது. இன்று உன் மாட்யூலுக்குப் பக்கத்தில் யாருடையது உட்காரும் என்பது உனக்குத் தெரியாது. உன் மேசையில் ஓடியதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. முன்பின் தெரியாத ஒருவர் பெட்டியில், தெரியாத லோடில், தெரியாத சூட்டில் ஓட வேண்டும். எமிலி ஜில்லே தன் மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் மாட்யூல்களின் சர்க்யூட்டையும் ஃபர்ம்வேரையும் எல்லோரும் படிக்கத் திறந்து வைத்திருக்கிறார். இன்புட்டில் 1 வோல்டும் 3 வோல்டும் கொடுத்துக் காலிபரேட் செய்யும் முறையை அங்கே பார். உன் இன்புட் பக்கத்துக்கும் அது தேவைப்படும்.

இன்னொன்று. இதை நினைத்தாலே எனக்கு ரத்தக்கொதிப்பு. பவர் கேபிள் செருகும் இடத்தில் சுற்றுச்சுவர் இல்லாத மொட்டை பின் வைத்திருக்கிறாய். கேபிளின் சிவப்புக் கோடு எந்தப் பக்கம் என்று போர்டில் அச்சிடவும் இல்லை, குறிப்பில் மட்டும் எழுதியிருக்கிறாய். பெட்டிக்குப் பின்னால் இருட்டில் கைவிட்டுச் செருகுகிறவர் குறிப்புப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பாரா? தலைகீழாகச் செருகினால் பிளஸ் 12-ம் மைனஸ் 12-ம் இடம் மாறி, உன் டிஏசியும் அதோடு போகும். டயோடு போட்டால் 0.3 வோல்ட் இறங்குமே என்று காரணம் வேறு எழுதியிருக்கிறாய். இறங்கட்டும்! 5 வோல்டுக்குள் அவுட்புட் தரும் மாட்யூலுக்கு 11.7 போதாதா? இரண்டு ஷாட்கி டயோடு ரிட்சி தெருவில் ஒரு டீக்காசு.

இவ்வளவு திட்டிவிட்டு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உன் முன்பேனலைப் போல ஒன்றை நான் பார்த்ததே இல்லை. 72 மேளத்தையும் சின்னத் திரையில் உருட்டித் தேட வைக்காமல், மேலே 12 நிலை ரோட்டரி சுவிட்ச், கீழே 6 நிலை ரோட்டரி சுவிட்ச். மேலே சக்கரம், கீழே சக்கரத்துக்குள் ராகம். கடையில் எங்கும் கிடைக்கிற அதே 12-ம் 6-ம்! மேளகர்த்தாவை வகுத்தவர்கள் சுவிட்ச் கேட்டலாக்கைப் பார்த்துவிட்டுத்தான் வகுத்தார்களோ என்று தோன்றிவிட்டது. இரண்டு குமிழையும் ஒன்றாகத் திருப்பிப் பார்த்தேன். 1-1 கனகாங்கி, 2-2 தோடி, 3-3 மாயாமாளவகௌளை, 4-4 கரகரப்பிரியா, 5-5 சங்கராபரணம், 6-6 சலநாட்டை. இத்தனை வருஷம் மேள எண்களைத் தலைகீழாக ஒப்பித்தவன் நான், என் விரலுக்கு இது இப்போதுதான் தெரிந்தது. மேடையில் விளக்கு அணைந்தாலும் கிளிக் எண்ணித் தோடியிலிருந்து சங்கராபரணத்துக்குப் போகலாம். 8 ஹெச்பி அகலத்தில், 40 மில்லிமீட்டரில் இதை அடக்கியிருக்கிறாய். வாசிக்கிறவனுடைய விரல் உன்னிடம் இருக்கிறது. அது சொல்லிக் கொடுத்து வருவதில்லை.

அதனால்தான் இந்த முதல் தொகுதிப் போர்டுகளை விற்காதே என்கிறேன். நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டிருந்தால் திரும்ப வாங்கி, ஃபீட்பேக்கை ஜாக் பக்கம் மாற்றி, டயோடு சேர்த்துக் கொடு. அடுத்த போர்டோடு புது அட்டவணையும் வரட்டும். அதில் 100, 50, 33 கிலோஓம் லோடு போட்டு, பெட்டியை மூடி, ஒரு மணி நேரம் சூடேறிய பிறகு எடுத்த அளவுகள் இருக்க வேண்டும். அவை சரியாக இருந்தால் ஒன்றை எனக்கு எடுத்து வை. இலவசமாக வேண்டாம், நீ சொல்கிற விலையைக் கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.