வின்ச் கேபிளும் வண்டியின் முன்பக்கமும்



மழைக்காலத்தில் நம்ம தோட்டத்து மண் ரோட்டுகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கினால் மேற்குச் சரிவுத் தோட்டங்களில் சேறு. ஒக்டோபருக்குப் பிறகு ஊவாப் பக்கத்தில் சேறு. வளைவிலே ஜீப் புதைந்து போனால் கொழுந்து மட்டுமா நிற்கிறது? ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய பிள்ளைத்தாய்ச்சியும் ரோட்டிலேயே நிற்க வேண்டியதுதான்.

இதற்காகத்தான் சில வண்டிகளின் முன்பக்கத்தில் வின்ச் பூட்டியிருக்கிறார்கள். மோட்டரில் சுற்றும் ஒரு டிரம், அதில் சுற்றிய கேபிள், கேபிள் நுனியில் ஒரு கொக்கி. கேபிளை முன்னால் உள்ள மரத்தில் மாட்டி மோட்டரை ஓட்டினால் வண்டி தன்னைத் தானே இழுத்துக்கொண்டு வெளியே வரும். நல்ல சாமான்தான். ஆனால் சரியாகப் பாவிக்காவிட்டால் வண்டியின் முன்பக்கத்தையே அது கெடுத்துவிடும். பம்பர் வளையும், முன் கிறில் நெளியும், ரேடியேட்டர் ஓட்டையாகும்.

"இது டிரைவருக்குச் சொல்ற பாடம், எங்களுக்கு என்னத்துக்கு?" என்று கேட்பீர்கள். வண்டி புதைந்தால் தள்ளப் போகிறவர்கள் யார்? கொக்கியைத் தூக்கிக்கொண்டு மரத்துக்கு ஓடுகிறவர்கள் யார்? வேடிக்கை பார்க்க லயத்திலிருந்து வருகிற பிள்ளைகள் யாருடைய பிள்ளைகள்? இரும்புப் பம்பரை அறுக்கிற கேபிளுக்கு மனுசன் கால் எம்மாத்திரம்! வண்டியின் முன்பக்கத்தைக் கெடுக்கும் அதே தவறுகள்தான் ஆளையும் அடிக்கின்றன. அதனால் இந்தப் பாடம் எல்லாருக்கும் உரியது.

முன்பக்கம் எப்படிக் கெடுகிறது?

1. பக்கவாட்டில் இழுப்பது. கேபிள் வெளியே வரும் வாயில் நான்கு இரும்பு உருளைகள் இருக்கும். மேலும் கீழும் இரண்டு, இரு பக்கமும் இரண்டு. வண்டி ஒரு பக்கம் பார்க்க, மரம் இன்னொரு பக்கம் இருந்தால் முழுப் பாரமும் பக்கத்து உருளையில் விழும். உருளை வளைந்தால் கேபிள் பம்பர் விளிம்பில் உரசி வாள் மாதிரி அறுக்கும். உள்ளே டிரம்மிலும் கேபிள் ஒரே ஓரத்தில் குவிந்து, வின்ச்சின் கூட்டை நெருக்கி உடைத்துவிடும்.

2. கொக்கியை அளவுக்கு மேல் இழுத்துக்கொள்வது. வேலை முடிந்து கேபிளைச் சுற்றும்போது சுவிட்சை ஒரு நொடி கூட அழுத்தினால் போதும். கொக்கி உருளைகளுக்குள் மாட்டி வாயை நெளித்துவிடும், கேபிளின் நுனியும் நைந்துபோகும். அடுத்த தடவை அந்த நைந்த இடம்தான் முதலில் அறும்.

3. கொக்கியைத் தொங்கவிட்டு ஓடுவது. குலுங்கும் ரோட்டில் கொக்கி பம்பரையும் விளக்கையும் தட்டிக்கொண்டே வரும். பெயின்ட் போன இடத்தில் துரு பிடிக்கும்.

4. உருளைகளில் சேறு இறுகுவது. உருளை சுற்றாவிட்டால் கேபிள் அதன்மேல் தேய்த்துப் பள்ளம் போடும். பிறகு அந்தப் பள்ளத்தின் கூர் விளிம்பு கேபிளை அறுக்கும்.

5. கேபிள் அறுவது. இறுகிய கேபிள் அறுந்தால் சவுக்கு மாதிரித் திரும்பி வரும். வண்டிப் பக்கம் வந்தால் கிறில், ரேடியேட்டர், கண்ணாடி. ஆள் பக்கம் வந்தால் சொல்ல வேண்டியதில்லை.

தடுக்க என்ன செய்யலாம்?

முதலில் மம்பட்டியை எடுங்கள். சில்லுக்கு முன்னால் உள்ள சேற்றை வெட்டி, கல்லோ பலகையோ போட்டால் பாரம் பாதி குறைந்த மாதிரி. வின்ச்சின் கஷ்டம் குறைந்தால் கேபிளின் கஷ்டமும் குறையும்.

மரத்தை நேர் கோட்டில் பாருங்கள். வண்டியின் மூக்குக்கு நேரே உள்ள, நன்றாக வேர் பிடித்த பெரிய மரம் வேண்டும். மழையில் மண் இளகிய கரையில் நிற்கும் மரம் வேண்டாம். கேபிளை மரத்தைச் சுற்றி அதன் கொக்கியை அந்தக் கேபிளிலேயே மாட்டுவது பெரிய பிழை. கேபிள் முறுகி இழைகள் உடையும், மரப்பட்டையும் உரியும். அகலமான பட்டியை மரத்தின் அடியில் சுற்றி, அதன் இரண்டு முனையையும் ஷெகலில் சேர்த்து, அதில் கொக்கியை மாட்டுங்கள்.

நேரே மரம் இல்லையென்றால்? சரிவாக இழுத்தே ஆக வேண்டுமானால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, வண்டி நேரானதும் நிறுத்துங்கள். ஓரத்தில் குவிந்த கேபிளை வெளியே விட்டுத் திரும்பவும் ஒழுங்காகச் சுற்றிய பிறகே மிச்ச வேலை.

கப்பி இருந்தால் பாவியுங்கள். மரத்தில் கப்பியைக் கட்டி, கேபிளை அதற்குள் விட்டு, கொக்கியைத் திரும்ப வண்டியின் உறுதியான இழுவைக் கொக்கியில் மாட்டினால் இழுவைப் பலம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். வேகம் பாதியாகும். அவசரப்பட வேண்டாம். கொக்கியைப் பம்பரில் மட்டும் மாட்டாதீர்கள், பம்பர் கழன்று வரும்.

டிரம்மில் மிச்சம் வையுங்கள். இரும்புக் கேபிளானால் குறைந்தது 5 சுற்று டிரம்மில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடிமுனை பிடுங்கிக்கொண்டு வரும். இப்போது வரும் செயற்கைக் கயிறானால் 10 சுற்று. அந்தக் கயிறு இலேசானது, அறுந்தாலும் இரும்பு அளவுக்கு வேகமாய் அடிக்காது. ஆனால் சூடு ஆகாது, கூர் விளிம்பும் ஆகாது. இரும்புக் கேபிள் தேய்த்துப் பள்ளமாக்கிய உருளையில் அதை ஓட்டினால் சீக்கிரம் நைந்து போகும். கயிறு மாற்றும்போது வாயையும் வழவழப்பானதாக மாற்ற வேண்டும்.

நனைந்த சாக்கைப் போடுங்கள். இழுக்கத் தொடங்கும் முன் ஈரச் சாக்கோ தடித்த கம்பளியோ கேபிளின் நடுவில் மடித்துப் போட வேண்டும். கேபிள் அறுந்தால் அந்தப் பாரம் அதைக் கீழே அமுக்கும். சாக்கு உருளைக்குக் கிட்ட வரும்போது வின்ச்சை நிறுத்தி, கேபிளைத் தளர்த்தி, பிறகே தள்ளி வையுங்கள். பொனட்டைத் திறந்து முட்டுக் கொடுத்து வைத்தால் கண்ணாடிக்கும் ஒரு காவல்.

சுற்றி வைக்கும் முறை

ஒருவர் தோல் கையுறை போட்டு, பட்டித் துண்டால் கொக்கியைப் பிடித்துக் கேபிளை இலேசாக இழுத்து வைக்க, மற்றவர் சுவிட்சைப் போட வேண்டும். கேபிள் நூல் கண்டு போல வரிசையாக விழ வேண்டும். கேபிளைக் கைக்குள் வழுக்க விடக் கூடாது. உடைந்த இழை ஒன்று உள்ளங்கையைக் கிழித்துவிடும். கடைசி இரண்டு மீற்றர் வந்ததும் சுவிட்சை விட்டு விட்டுத் தட்டுங்கள். விரல் உருளைப் பக்கம் போகவே கூடாது. கொக்கியை இழுவை வளையத்தில் மாட்டி, ஆடாத அளவுக்கு மட்டும் இறுக்கினால் போதும். பிறகு உருளைகளைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, வின்ச் ஓடாத நேரத்தில் கையால் சுற்றிப் பாருங்கள்.

மாதம் ஒரு தடவை கேபிளை வெளியே எடுத்து, கையுறையோடு பழைய துணியால் துடையுங்கள். துணி எங்கே சிக்குகிறதோ அங்கே இழை உடைந்திருக்கிறது. இழை உடைந்த, முறுகிய, பறவைக் கூடு மாதிரி விரிந்த கேபிளை முடிச்சுப் போட்டுப் பாவிக்கக் கூடாது. மாற்ற வேண்டும் என்று கராஜிலும் துரையிடமும் சொல்லுங்கள். கேபிள் பழுது என்று சொல்வது வேலைக்கு மறுப்புச் சொல்வதாகாது. அது உங்கள் உரிமை.

சுற்றி நிற்பவர்களுக்கு

வெளியே உள்ள கேபிள் 10 மீற்றர் என்றால் 15 மீற்றருக்கு அப்பால் நில்லுங்கள். இறுகிய கேபிளைத் தாண்டக் கூடாது, அதன்மேல் கால் வைக்கக் கூடாது. கப்பி போட்டிருந்தால் கேபிள் வளையும் கோணத்துக்கு உள்ளே யாரும் நிற்கக் கூடாது. சைகை காட்ட ஒரே ஒரு ஆள். பத்துப் பேர் "இழு, இழு" என்று கத்தினால் டிரைவர் யார் பேச்சைக் கேட்பார்? பிள்ளைகளை மேல் ரோட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் வின்ச்சைத் தொட வேண்டும். "தம்பி, அங்கிட்டுப் போய் நில்லு" என்று அதட்டிச் சொல்ல யாரும் கூச்சப்பட வேண்டாம்.

வீட்டில் பேசிப் பாருங்கள்

1. நம்ம தோட்டத்து வண்டியில் உருளைகள் நான்கும் சுற்றுகின்றனவா?
2. ஈரச் சாக்கு எதற்காக?
3. கொக்கியை எங்கே மாட்டக் கூடாது? ஏன்?
4. கேபிள் 20 மீற்றர் வெளியே இருந்தால் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும்?

நான்காவது கேள்வியைப் பிள்ளைகளிடம் கேளுங்கள். 30 மீற்றர் என்று சொன்னால், அடுத்த மழையில் ஜீப் புதையும்போது அந்தத் தூரத்தைக் காலால் அளந்து காட்டச் சொல்லுங்கள்.